கடைசிக் கோட்டில் நின்றவர்
(பீட்டர் தங்கராஜும் ஊர் ஊராகப் போன ஹைதராபாத் ஆட்டக்காரர்களும்)

கனடாவில் குடியேறிய நம் உறவினர்கள் ஊருக்கு வரும்போது பேச்சில் அடிக்கடி ஐஸ் ஹாக்கி என்கிற ஆட்டம் தலைகாட்டும். பனித்தரையில் சறுக்குக் காலணி போட்டுக்கொண்டு ஆடுவது. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: முன்னால் மூவர், பின்னால் தடுப்பாட்டக்காரர் இருவர், கோலில் ஒருவர். அந்த ஆட்டத்தில் ஒரு தனி வகை ஆட்டக்காரர் உண்டு. பெரிய நட்சத்திரம் கிடையாது. ஆனால் தொழில் தெரிந்தவர். இந்த வருஷம் ஒரு ஊர் அணி, அடுத்த வருஷம் வேறொரு ஊர் அணி என்று மூட்டை கட்டிக்கொண்டே இருப்பார். மைக் சிலிஞ்சர் என்ற ஆட்டக்காரர் அங்குள்ள தேசிய ஹாக்கி லீக்கில் 12 அணிகளுக்கு ஆடியவர். பஞ்சாபி வம்சாவளியில் வந்த ராபின் பாவா 1989-ல் தொடங்கி அதே லீக்கில் நான்கு அணிகளுக்கு ஆடினார். எல்லாம் சேர்த்து 61 ஆட்டம்தான்.

இதில் என்ன அதிசயம் என்று நமக்குத் தோன்றலாம். கரண்டியும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக வேலை தேடிப் போகும் கொத்தனார் நமக்குத் தெரியாதவரா? அவர் கட்டிய வீட்டில் வேறு யாரோ குடியிருப்பார்கள். கல்வெட்டில் அவர் பெயர் இருக்காது. விளையாட்டிலும் அப்படி ஒரு வாழ்க்கை உண்டு என்பதுதான் விஷயம்.

ஹைதராபாத்தில் பனியும் இல்லை, பனி ஹாக்கியும் இல்லை. ஆனால் இந்த வகை ஆட்டக்காரர்களை ஒரு காலத்தில் இந்தியா முழுமைக்கும் அனுப்பி வைத்த ஊர் இதுதான் என்பது இங்கே வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. ஆட்டம் கால்பந்து. அதிலும் கோல் கம்பத்தின் கீழே நின்று, எல்லோரும் கைவிட்ட பிறகு கடைசியாகத் தடுத்த ஒருவர், பெயரிலேயே தமிழைச் சுமந்தவர், இங்கே பிறந்தவர்: பீட்டர் தங்கராஜ். நான் விளையாட்டு நிபுணன் அல்லன். சிகந்தராபாத்தில் பல வருஷமாகக் குடியிருப்பவன், பழைய கதைகளைக் கேட்டும் படித்தும் சேர்த்து வைப்பவன், அவ்வளவுதான். அந்த ஆர்வத்தில் எழுதுகிறேன்.

பாளையத்துத் தமிழரும் பந்தும்

சிகந்தராபாத் 1806-ல் ஆங்கிலேயரின் படைப் பாளையமாக வளர்ந்த ஊர். மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அமைந்தது. அங்கே வந்த படைகளில் மதராஸ் படைகளும் இருந்தன. சிப்பாய்களோடு கூடவே கணக்கர், குத்தகைக்காரர், சமையல்காரர், தையல்காரர், துணி வெளுப்பவர் என்று தமிழ்க் குடும்பங்களும் வந்தன. 1862-ல் சோமசுந்தரம் முதலியார் சிகந்தராபாத்தில் தொடங்கிய பள்ளிதான் இன்று மஹபூப் கல்லூரி என்று நாம் அறிவது. பின்னால் ரயில்வே வந்தது, மேலும் தமிழர் வந்தனர். திருமலகிரி, பொலாரம், லாலாகுடா, மாரேட்பள்ளி என்று இன்றும் தமிழ் காதில் விழும் பேட்டைகள் இப்படி உண்டானவை.

பட்டாளம் இருக்கும் இடத்தில் மைதானம் இருக்கும், மைதானம் இருக்கும் இடத்தில் பந்து இருக்கும். வெள்ளைக்காரச் சோல்ஜர் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்த பையன்கள் அடுத்த நாள் வெறுங்காலோடு தாங்களே ஆடத் தொடங்கினார்கள். கிரிக்கெட் மட்டைக்கும் காலுறைக்கும் காசு வேண்டும். பந்துக்கு அது தேவையில்லை. ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம். அதனால் பாளையத்து ஏழைப் பிள்ளைகளின் ஆட்டமாகக் கால்பந்து ஆகிப்போனது.

பேகம்பேட்டையிலோ பொலாரத்திலோ வயதானவர்களிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். "அந்தக் காலத்துல சாயங்காலம் ஆனா ஜிம்கானா மைதானத்துல கூட்டம் தாங்காது, சார்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

ரஹீம் சாப் என்கிற வாத்தியார்

இந்தக் கூட்டத்தை ஒரு படையாக ஆக்கியவர் சையத் அப்துல் ரஹீம். 1909-ல் பிறந்தவர், உஸ்மானியா பட்டதாரி, தொழிலால் பள்ளி ஆசிரியர். 1943-ல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலர் ஆனார், சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1950 முதல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1950-ல் டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை வென்றது. 1956-57, 1957-58 ஆகிய இரண்டு வருஷமும் சந்தோஷ் டிராபி ஹைதராபாத்துக்கு வந்தது.

ரஹீம் ஆசிரியர் என்பதை மறக்கக் கூடாது. அவர் ஆட்டத்தைப் பாடம் மாதிரி பிரித்துச் சொல்லிக் கொடுத்தார். பந்தை வைத்துக்கொண்டு தனியே ஓடி வித்தை காட்டுவதை அவர் ஊக்குவிக்கவில்லை. பந்தை உடனே அடுத்தவருக்குக் கொடு, காலி இடத்துக்கு ஓடு என்பதுதான் அவர் முறை. இரண்டு காலாலும் ஆடப் பழக்கினார். இதனால் ஒரு முக்கியமான விளைவு உண்டானது. ஹைதராபாத்தில் பழகிய ஆட்டக்காரர் எந்த ஊர் அணியில் போய்ச் சேர்ந்தாலும் முதல் நாளே பொருந்திப் போனார். ஒரே பாடத்திட்டத்தில் படித்த மாணவன் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் தடுமாறாதது போல. ஊர் ஊராகப் போகிற தொழிலுக்கு இதைவிடப் பெரிய மூலதனம் வேறு இல்லை.

ஏன் போனார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை காசுதான், ஆனால் அது அத்தனை எளிய காசு இல்லை. அந்தக் காலத்தில் இந்தியக் கால்பந்தில் சம்பளம் என்ற பேச்சுக்கே சட்டப்படி இடமில்லை. எல்லோரும் அமெச்சூர், அதாவது பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள் என்று காகிதத்தில் இருக்கும். பிழைப்பு நடப்பது இரண்டு வழியில்.

ஒன்று, வேலை. போலீஸ், பட்டாளம், ரயில்வே, துறைமுகம், சுங்கம் போன்ற துறைகள் ஆட்டக்காரரை வேலைக்கு எடுத்துக்கொள்ளும். சம்பளம் கான்ஸ்டபிளுக்கோ குமாஸ்தாவுக்கோ உள்ளது, வேலை மைதானத்தில். வயதாகி ஆட்டம் நின்றாலும் வேலை நிற்காது. நம் வீட்டுப் பெரியவர்கள் "கவர்ன்மென்ட் வேலைடா" என்று சொல்லும்போது இருக்கும் நிம்மதி இதில் உண்டு.

இன்னொன்று, கொல்கத்தா. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று மூன்று பெரிய கிளப்புகள். இவை வெளியூரிலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்துத் தங்க இடமும், சாப்பாடும், கைச்செலவுக்குப் பணமும் கொடுத்தன. கணக்கில் வராத பணம். வருஷத்துக்கு ஒரு முறை, குறிப்பிட்ட நாள்களில், ஐ.எஃப்.ஏ. அலுவலகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால் அடுத்த கிளப்புக்கு மாறலாம். அந்த நாள்களில் எதிர் கிளப் ஆட்கள் கண்ணில் படாமல் ஆட்டக்காரரை எங்கேயாவது ஒளித்து வைப்பது கொல்கத்தாவில் வாடிக்கை. கேட்டால் சினிமாக் கதை போல இருக்கும்.

இங்கிலாந்தில் மட்டும் அப்போது பொற்காலமா என்று கேட்டால், அதுவும் இல்லை. 1961 வரைக்கும் அங்கே ஒரு கால்பந்து ஆட்டக்காரருக்கு வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பே இருந்தது. உலகம் முழுக்க ஆட்டக்காரர் கூலிக்காரராகத்தான் இருந்தார்.

தென்னாட்டிலிருந்து கொல்கத்தாவுக்குப் போனது தங்கராஜ் காலத்தில் தொடங்கியது அல்ல. 1949-க்குப் பிறகு ஈஸ்ட் பெங்காலில் 'பஞ்ச பாண்டவர்' என்று பெயர் பெற்ற ஐந்து முன்கள ஆட்டக்காரர்களான அகமது கான், அப்பாராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ் ஆகிய ஐவருமே தென்னாட்டவர். வங்காளிகள் அவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பாண்டவர் என்று பெயர் வைத்தார்கள் என்றால் பாருங்களேன்!

தங்கராஜின் பயணம்

பீட்டர் தங்கராஜ் 1935 டிசம்பர் 24 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். சிகந்தராபாத்தின் மார்னிங் ஸ்டார், ஃபிரண்ட்ஸ் யூனியன் என்ற சிறிய கிளப்புகளில் ஆடத் தொடங்கினார். 1953-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். சேர்ந்த இடம் நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்டல் சென்டர். ஆக, பாட்டன் காலத்தில் மதராஸ் படையோடு தமிழர் இங்கே வந்தார்கள். இங்கே பிறந்த பிள்ளை மதராஸ் படைக்கே திரும்பிப் போனார். வட்டம் எப்படிச் சுற்றுகிறது பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அவர் ஆரம்பத்தில் கோல் போடும் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர். கோல் தடுப்பவராக மாறியது பிறகுதான். அது நல்ல மாற்றமாக அமைந்தது. மதராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1888-ல் தொடங்கிய பழம்பெரும் போட்டி அது. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பிடித்த அணியில் அவர் பெயர் இருந்தது. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று தேர்வானார். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் ஆடினார். அங்கே இந்தியா பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தது. ஹங்கேரியிடம் 1-2 என்ற கணக்கில்தான் தோற்றது. அதே 1960-ல் அவர் தலைமையில் சர்வீசஸ் அணி முதல் தடவையாகச் சந்தோஷ் டிராபியை வென்றது.

பிறகு பட்டாளத்தை விட்டார், கொல்கத்தா போனார். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய கிளப்புக்கும் ஆடினார். இது சாமானிய விஷயம் இல்லை. கொல்கத்தாவில் மோகன் பகான் ரசிகர் வீட்டில் ஈஸ்ட் பெங்கால் பெயரைச் சொன்னால் சோறு கிடைக்காது என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் மூன்று கூடாரத்திலும் நுழைந்து, மூன்று தரப்பிலும் மதிப்பு வாங்கினார் என்றால், கையில் உள்ள தொழில்தான் காரணம். 1967-ல் அர்ஜுனா விருது. 1971-ல் ஆட்டத்தை நிறுத்தினார். கோவாவின் வாஸ்கோ கிளப்புக்குப் பயிற்சி கொடுத்தார். கடைசியில் பொகாரோவில் குடியேறி, அங்கேயே 2008 நவம்பர் 24 அன்று காலமானார்.

ஊர்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஹைதராபாத், சிகந்தராபாத், வெலிங்டன், கொல்கத்தா, கோவா, பொகாரோ. நம் சங்கத்து உறுப்பினர்களில் வங்கியிலோ ரயில்வேயிலோ இருந்து மாற்றலாகி மாற்றலாகி வந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதாகத் தெரியாது.

கோலில் நிற்பது என்றால் என்ன?

கால்பந்தில் எல்லோரும் பார்ப்பது கோல் போட்டவரை. தடுத்தவரை யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அதனால் அந்த வேலையைச் சற்று விளக்க வேண்டும்.

கோல் கம்பங்களுக்கு இடையே அகலம் 24 அடி, உயரம் 8 அடி. நடுவில் நிற்கும் ஆளுக்கு இரு பக்கமும் 12 அடி. பெனால்டி உதை 12 கஜத்திலிருந்து, அதாவது சுமார் 11 மீட்டரிலிருந்து வரும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்த பந்து கோலை எட்ட 0.4 விநாடிதான் ஆகும். கண்ணால் பார்த்து, மூளை முடிவு செய்து, உடம்பு பாய்வதற்கு அது போதாது. உதைப்பவரின் இடுப்பும் ஊன்றிய காலும் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை வைத்து முன்கூட்டியே ஊகிக்க வேண்டும்.

சாதாரண ஆட்டத்தில் வேறு கணக்கு. எதிராளி பந்தோடு தனியாக வந்தால் கோல்கீப்பர் கோட்டிலேயே நிற்கக் கூடாது. சில அடி முன்னே வர வேண்டும். விளக்கின் முன் கையைக் கொண்டுபோனால் சுவரில் நிழல் பெரிதாவது போல, அவர் முன்னே வரவர எதிராளியின் கண்ணுக்குக் கோல் சிறுத்துப்போகும். அதிகம் வந்துவிட்டால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவான். எவ்வளவு வருவது, எப்போது வருவது என்பதில்தான் அனுபவம் இருக்கிறது.

உயரப் பந்து இன்னொரு சோதனை. பக்கவாட்டிலிருந்து தூக்கி அடித்த பந்து கூட்டத்தின் மேலே வரும். பிடிப்பதா, குத்தித் தள்ளுவதா? தங்கராஜ் ஆடிய நாள்களில் கோல்கீப்பருக்கு இன்று உள்ள பாதுகாப்பு இல்லை. எதிரணி ஆள் தோளால் வந்து முட்டலாம். கையுறை பெரும்பாலும் கிடையாது. தோல் பந்து 410 முதல் 450 கிராம் என்று விதி. ஆனால் மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். கொல்கத்தா லீக் நடப்பதோ மழைக்காலத்தில். அந்த வழுக்கும் பந்தை வெறுங்கையால் பிடிப்பது கிணற்றில் விழுந்த சோப்பைப் பிடிப்பது போலத்தான். நல்ல உயரமும் நீண்ட கைகளும் கொண்ட தங்கராஜுக்கு உயரப் பந்து கைவந்த கலை.

இன்னொரு செய்தி. முன்கள ஆட்டக்காரர் பத்து வாய்ப்பில் ஒன்றைக் கோலாக்கினால் வீரர். கோல்கீப்பர் பத்தில் ஒன்றை விட்டால் அன்று இரவு ஊரே அவரைத் திட்டும். இந்தப் பாரத்தோடு அவர் ஊர் ஊராகப் போக வேண்டும். புதிய ஊரில் பின்கள ஆட்டக்காரர்கள் வேறு, அவர்கள் பேசும் மொழி வேறு. தடுப்பாட்டம் பேச்சினால் நடப்பது. "விடு, என் பந்து" என்று சரியான நொடியில் கத்த வேண்டும். ஹைதராபாத் தெருவில் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் கேட்டு வளர்ந்த பையனுக்குப் புது மொழிச் சொற்களைப் பிடிப்பது கஷ்டமாக இருந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன். வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளிடம் இந்தத் திறமையைத் தினமும் பார்க்கிறோமே!

ஜகார்த்தா, 1962

தங்கராஜின் வாழ்க்கையில் ஒரே ஒரு நாளைச் சொல் என்றால் 1962 செப்டம்பர் 4-ஐத்தான் சொல்வேன். ஆசிய விளையாட்டு, கால்பந்து இறுதி ஆட்டம், எதிரே தென்கொரியா. அந்த அணியிடம் இந்தியா முதல் ஆட்டத்தில் 0-2 என்று தோற்றிருந்தது. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்று இறுதிக்கு வந்தது. பயிற்சியாளர் ரஹீம், கேப்டன் சுனி கோஸ்வாமி. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அழைக்காததைப் பற்றி இந்திய அதிகாரி ஒருவர் ஆட்சேபம் சொன்னதால் ஜகார்த்தா மக்கள் கொதித்திருந்தார்கள். அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல்.

தங்கராஜ் காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களில் இல்லை. பிரத்யுத் பர்மன் கோலில் நின்றார். நன்றாகவே ஆடினார். இருந்தாலும் இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் தங்கராஜைத் திரும்ப இறக்கினார். கொரியர்கள் உயரப் பந்தை நம்பி ஆடுகிறவர்கள் என்பது காரணம். அதே ஆட்டத்தில், பின்கள ஆட்டக்காரரான ஜர்னைல் சிங்கை, தலையில் தையல் போட்ட கட்டோடு, முன்களத்தில் நிறுத்தினார். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். ஆட்டம் முடியும் நேரத்தில் கொரியா ஒன்று திருப்பியது. 2-1. தங்கம் நமக்கு. இந்தியா ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் வாங்கியது 1951-லும் 1962-லும் மட்டும்தான். அதன் பிறகு இன்று வரை இல்லை.

ரஹீம் அடுத்த வருஷமே, 1963 ஜூன் 11 அன்று, புற்றுநோயால் காலமானார். 2024-ல் வந்த 'மைதான்' என்ற இந்திப் படம் அவர் கதைதான். நம் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் தங்கராஜ் என்ற பெயரையும் கேட்டிருப்பார்கள். அவர் பிறந்த ஊரிலேயே தாங்களும் வளர்கிறோம் என்பதை எத்தனை பேர் கவனித்தார்களோ!

இருந்தவரும் போனவரும்

அந்தத் தங்க அணியில் இன்னொரு தமிழ் வீட்டுப் பிள்ளையும் உண்டு. துளசிதாஸ் பலராம். சிகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் 1936-ல் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். இன்றைக்கு அங்கே ரயில் நிற்கிறது, நம்மில் பலர் அந்தப் பக்கமே குடியிருக்கிறோம். ரஹீம் கண்டெடுத்த முத்துகளில் அவர் ஒருவர். ரோமில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டவர். ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், 1961-ல் அதன் கேப்டனாகி, பிறகு பி.என்.ஆர். என்ற ரயில்வே அணியில் சேர்ந்தார். 1963-ல் நெஞ்சு நோயால் ஆட்டத்தையே விட வேண்டியதாயிற்று. அப்போது வயது 27. பிற்காலம் முழுக்க வங்காளத்திலேயே வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16 அன்று கொல்கத்தாவில் காலமானார்.

சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்று மூவரையும் சேர்த்தே இந்தியக் கால்பந்தின் மும்மூர்த்திகள் என்பார்கள். இந்த மூவரை ஒப்பிட்டால் நம் விஷயம் விளங்கும். கோஸ்வாமி வாழ்நாள் முழுக்க மோகன் பகானுக்கே ஆடினார். பானர்ஜி மூன்று பெரிய கிளப்பில் எதிலும் சேராமல் ஈஸ்டர்ன் ரயில்வேயிலேயே இருந்தார். 1958-ல் அந்த அணி கொல்கத்தா லீக்கையே வென்றது. இரண்டு பேரும் சொந்த மண்ணில், சொந்த மொழிக்காரர் நடுவில் இருந்தவர்கள். கோஸ்வாமிக்கு 1983-லும் பானர்ஜிக்கு 1990-லும் பத்மஸ்ரீ கிடைத்தது. பலராமுக்கு அர்ஜுனா விருது உண்டு, பத்மஸ்ரீ கிடைக்கவில்லை. அந்த மனக்குறை அவருக்குக் கடைசி வரை இருந்தது.

திறமையில் குறைவா? அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். என் அபிப்பிராயம் இது. விருதுக்குப் பரிந்துரை செய்ய ஒரு ஊர் வேண்டும், ஒரு மாநிலம் வேண்டும், "இவர் எங்க ஆளு" என்று வாய்விட்டுச் சொல்ல நாலு பேர் வேண்டும். போன ஊரில் அவர் வந்தவர். பிறந்த ஊரில் அவர் போனவர். தாய்மொழி பேசும் மாநிலத்துக்கு அவர் யாரென்றே தெரியாது. தங்கராஜின் நிலையும் ஏறக்குறைய இதுதான். தமிழ்நாட்டு விளையாட்டு வரலாற்றில் தேடினால் அவர் ஹைதராபாத்காரர். ஹைதராபாத் கால்பந்து என்று பேசினால் போலீஸ் அணியின் பெயர்கள்தான் முதலில் வரும். அவர் போலீசுக்கு ஆடியவர் அல்லர். கொல்கத்தாவில் மூன்று கிளப்பும் பாராட்டும், ஆனால் மூன்றுக்கும் ஆடியவரை 'எங்கள் வீட்டுப் பிள்ளை' என்று ஒருவரும் தனியே உரிமை கொண்டாட மாட்டார்கள்.

இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. வெளியூரில் வாழும் நமக்கு இது சொந்த விஷயம். சென்னைக்குப் போனால் "நீங்க ஆந்திராக்காரங்களா?" என்கிறார்கள். இங்கே "அரவம்" என்கிறார்கள். நம் ரேஷன் கார்டும் ஓட்டும் இங்கே, குலதெய்வம் அங்கே.

இன்றைய நிலை

1996-ல் தேசிய கால்பந்து லீக் வந்த பிறகு ஆட்டக்காரருக்குச் சம்பளம் வெளிப்படையான ஒப்பந்தமாயிற்று. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. 2019-ல் ஹைதராபாத் எஃப்.சி. என்று ஓர் அணி உண்டாகி, 2022 மார்ச் 20 அன்று கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸைப் பெனால்டியில் வென்று கோப்பையைக் கொண்டுவந்தது. அன்று மூன்று பெனால்டியைத் தடுத்தவர் கோல்கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி. கடைசிக் கோட்டில் நிற்பவர் கோப்பை வாங்கித் தந்த நாள் அது. ஆனால் 2025-ல் அந்த அணியே டில்லிக்கு இடம்பெயர்ந்து பெயரையும் மாற்றிக்கொண்டது. அந்தக் காலத்தில் ஆட்டக்காரர் ஊர் மாறினார். இப்போது அணியே ஊர் மாறிவிடுகிறது.

இந்த நிலையில் "எங்க பையன் ஃபுட்பால்தான் ஆடுவேங்கிறான், என்ன பண்றது?" என்று கேட்கும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். ஆடட்டும். ஆனால் ஒப்பந்தம் என்பது ஒரு வருஷமோ இரண்டு வருஷமோதான் என்பதை முதலிலேயே புரிந்துகொள்ளட்டும். முழங்கால் ஒரு நாளில் போகலாம், பலராமுக்குப் போல நெஞ்சு நோய் வரலாம். ஒரு பட்டப்படிப்பும், முடிந்தால் ரயில்வே, பட்டாளம் போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையும் பக்கபலமாக இருக்கட்டும். முன்னே நின்று கோல் போடத்தான் எல்லாப் பிள்ளைகளும் ஆசைப்படுவார்கள். பின்னே நின்று தடுப்பவனுக்கும் எந்த அணியிலும் தேவை உண்டு என்பதை எடுத்துச் சொல்லுங்கள். மூன்று மொழி தெரிந்த பிள்ளைக்கு எந்த ஊர் உடைமாற்றும் அறையிலும் ஒரு நாற்காலி கிடைக்கும்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். தங்கராஜும் பலராமும் ஆடியதை நேரில் பார்த்த பெரியவர்கள் சிகந்தராபாத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் பழைய போட்டோ இருக்கும், டிக்கெட் துண்டு இருக்கும், நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிய பத்திரிகைச் செய்தி இருக்கும். நம் இளைஞர் அணி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வீட்டுக்குப் போய், அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து, படங்களைப் பிரதி எடுத்து வைத்தால் ஒரு வருஷத்தில் நல்ல தொகுப்பு தயாராகிவிடும். பொங்கல் விளையாட்டு விழாவில் நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கோப்பைகளில் ஒன்றுக்குத் தங்கராஜ் பெயரை வைக்கலாம். அதைச் சிறந்த கோல்கீப்பருக்கோ சிறந்த தடுப்பாட்டக்காரருக்கோ கொடுக்கலாம். கோல் போட்டவருக்குக் கொடுக்க வேறு கோப்பைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அடுத்த செயற்குழுவில் இதைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போட்டோ வைத்திருக்கும் அன்பர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லிவைத்தால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பிரதி எடுத்ததும் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவேன்.